பதினோரு சுற்றுக்கு நாலு சத்தம்

என் வண்டியில் ஒரு சத்தம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒன்றரை மாதமாக இதை நம்புவதற்கு ஓர் ஆள் கிடைக்காமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 'கடக்' என்று வரும். கூடவே கால்மிதியில் ஒரு சின்ன உதறல். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி 'கடக்'. வேகமுள் இருபதைத் தாண்டிவிட்டால் போதும், சத்தம் இருந்த இடம் தெரியாது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் சமர்த்தாகிவிடும் குழந்தைகள் உண்டே, அந்த ரகம்.

நான் மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுப்பவள். ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். நடுவில் முப்பது அடி இருந்தால் அதிகம். இதில் எங்கே போய் வேகமெடுப்பது? மூன்றாவது கியர் போட்டால் அடுத்த வீடு பின்னால் போய்விடும். அதனால் ஆபீசில் எனக்கு 'ஃபர்ஸ்ட் கியர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். பதினாலு வருஷமாக நான் யார் மேலும் மோதியதில்லை, என் மேலும் யாரும் மோதியதில்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நாய் கடிப்பதுபோல் நடிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெயிலோ மழையோ, அந்த ரவுண்டுதான் எனக்கு உயிர்.

அந்த உயிருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. வண்டி ஆபீசுடையது. அதில் குறை என்று எழுதிக்கொடுத்தால், மெக்கானிக் பார்த்துவிட்டுச் சான்று எழுதித் தர வேண்டும். ஒரே குறைக்கு மூன்று முறை 'குறை ஏதும் இல்லை' என்று சான்று வந்தால், கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிற ஆளிடம்தான் என்று முடிவுகட்டி, ஆளை வண்டியிலிருந்து இறக்கிப் புகார்ப் பிரிவில் உட்காரவைத்துவிடுவார்கள். புகார்ப் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. நாலு டெலிபோன் உண்டு. நாலும் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் ஒருநாள்கூட இரண்டு சக்கரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

இரண்டு சான்று ஏற்கனவே வந்தாகிவிட்டது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவன் என் கொழுந்தன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. கடைத்தெருவில் ஷெட் வைத்திருக்கிறான். ஆபீஸ் வண்டிகள் பதினாலையும் பார்க்கும் ஒப்பந்தம் அவனுடையது. தெருவில் அவனை 'ஸ்பீடு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் சாவியை வாங்கி, ஒரே உறுமல், தெருக்கோடி வரை அறுபதில் போய், அறுபதில் திரும்பி வந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டு தீர்ப்புச் சொல்வான். வியாதி இருந்தால் ஓட்டத்தில்தான் தெரியும் என்பது அவன் சித்தாந்தம். மெதுவாகப் போகும் வண்டியைப் பார்த்தாலே அவனுக்குக் கொட்டாவி வரும்.

முதல் தடவை அப்படித்தான் போய்விட்டு வந்தான். "ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா பறக்குது."

"நான் பறக்கறதே இல்லையேப்பா. ஊர்ந்து பாரு, அப்ப தெரியும்."

"நல்ல வண்டிய எதுக்கு அண்ணி ஊர விடணும்?" என்று சொல்லி, செயினை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டான்.

இரண்டாவது தடவை என் சாவிக்கொத்துதான் ஆடுகிறது என்றான். சாவிக்கொத்தைக் கழற்றிக் காட்டினேன். செருப்பு தட்டுகிறது என்றான். வெறுங்காலோடு ஓட்டிக் காட்டினேன். அவனோ வழக்கம்போல அறுபதில் போய்விட்டு வந்து, "அண்ணி, கோச்சுக்காதீங்க, சத்தம் வண்டில இல்ல, உங்க காதுல. ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்றான். ஷெட்டில் காத்திருந்தவர்கள் எல்லாம் பல்லைக் காட்டினார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிஜமாகவே காது டாக்டரிடம் போனேன். அவர் காதில் ஏதோ மாட்டி, பொத்தானை அமுக்கச் சொல்லி, அரை மணி நேரம் சோதித்துவிட்டு, "உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல காதை நான் பாத்ததே இல்லம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"காது நல்லா இருக்குன்னா, அப்ப வேற டாக்டரப் பாக்கணுமோ?" என்றார்.

அன்றைக்கு அவர் தட்டை அவரேதான் கழுவினார்.

ஆக, மூன்றாவது தாளோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போனேன். ஸ்பீடு என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "மறுபடியுமா அண்ணி?" என்று சாவிக்குக் கை நீட்டினான். நான் தரவில்லை.

"இன்னிக்கு நான் ஓட்டறேன். நீ பின்னால உக்காரு."

"நானா? உங்க பின்னாலயா?"

"ஏன், நான் என்ன கடிச்சா வெச்சிருவேன்?"

"இல்ல அண்ணி... இது கடைத்தெரு. நாலு பேர் பாப்பாங்க. என் பேர் என்ன ஆவுறது?"

அவன் கவலை எனக்குப் புரிந்தது. ஊரே ஸ்பீடு என்று கூப்பிடும் ஆள், ஃபர்ஸ்ட் கியருக்குப் பின்னால் உட்கார்ந்து போவதாவது! ஆனால் எனக்கு வேறு வழியில்லை. அவனுடைய ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரு பெரிய மரப்பெட்டிக்குள்தான் இருக்கும். நான் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். சௌகரியமாகக் காலை மடக்கிப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணி, எந்திரிங்க. வேலை இருக்கு."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல தம்பி."

ஐந்து நிமிஷம் பொறுத்தான். மூன்று பேர் வண்டியோடு வந்து நின்றார்கள். ஒருவர், "என்னப்பா, ஸ்பேனர எடு" என்றார். எப்படி எடுப்பான்? அண்ணியைக் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கடைசியில் வானத்தைப் பார்த்தான்.

"சரி, வந்து தொலையறேன்," என்றான்.

முதல் கியர். வேகமுள் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில். பின்னால் அவன் முகத்தைக் கைக்குட்டையால் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சைக்கிள் மணியடித்து எங்களைத் தாண்டிப் போனது. சிரைத்துக்கொண்டிருந்த சலூன்காரர் கத்தியோடு வெளியே வந்தார், பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் வந்தார். பழவண்டி தள்ளுகிறவர் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் வந்து, "பெட்ரோல் இல்லையா? தள்ளிவிடட்டுமா?" என்று நல்ல மனசோடு கேட்டார்.

"அண்ணி, கொஞ்சம் முறுக்குங்க. மானம் போவுது."

"போனா திரும்பி வரும். நீ வாயை மூடிட்டு காலைக் கவனி."

'கடக்.'

நான் கண்ணாடியில் பார்த்தேன். கைக்குட்டை இறங்கியிருந்தது.

'கடக்.'

"அண்ணி, நிறுத்துங்க."

"ஏன்?"

"இல்ல, நிறுத்தாதீங்க. போங்க. இன்னும் மெதுவா போங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! ஒன்றரை மாதம் கழித்து அந்தச் சத்தத்தை இன்னொரு ஜீவன் கேட்டுவிட்டது. வண்டியை அப்படியே போட்டுவிட்டு நடுத்தெருவில் ஆடியிருப்பேன். மரியாதை கருதி ஹாரனை மட்டும் ஒருமுறை அடித்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவன் ஆளே மாறிவிட்டான். காத்திருந்தவர்களை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சக்கரத்து பேரிங்கா இருக்கும் அண்ணி."

"பேரிங்னா சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு சத்தம் வரணும்ல? இது அவ்வளவு சீக்கிரம் வரல."

"பிரேக் உரசுதோ?"

"அதுவும் சக்கரத்தோடதானே சுத்துது?"

"இன்ஜின்ல ஏதாவது..."

"இன்ஜின் அதைவிட வேகமாச் சுத்தும். அதுல இருந்து வந்தா சத்தம் மழையா கொட்டும்."

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். "இதெல்லாம் எப்படி அண்ணி?"

என் தொழிலே எண்ணுவதுதான். பழைய மீட்டர்களில் ஒரு வட்டத்தகடு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா, யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்போம். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் என் வாய் தன்னால் எண்ண ஆரம்பித்துவிடும். இந்தச் சத்தத்தையும் சுற்றுக் கணக்கில் எண்ணிவிட்டால் ஆள் அகப்பட்டுக்கொள்வான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஓட்டிக்கொண்டே சக்கரத்தை எண்ணுவது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

"வெள்ளைப் பெயிண்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. பின்சக்கரத்து டயரில் ஒரே இடத்தில் கெட்டியாகப் பூசச் சொன்னேன். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தார்ரோட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். சத்தம் வரும் இடத்தைக் குறிக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, சிந்தின எண்ணெய் மேல் போடுவதற்கு அவன் டப்பாவில் வைத்திருந்த மரத்தூள் கண்ணில் பட்டது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார வேண்டும், 'கடக்' என்றதும் ஒரு பிடி கீழே போட வேண்டும்.

"இதுக்கு நான் தலைல துண்டப் போட்டுட்டுப் போயிரலாம்," என்று முனகிக்கொண்டே ஏறினான்.

ரோட்டில் இதற்குள் நல்ல கூட்டம். நான் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். அவன் 'கடக்'குக்கு ஒரு பிடி, 'கடக்'குக்கு ஒரு பிடி என்று பயபக்தியோடு போட்டுக்கொண்டே வந்தான். முதல் ஓட்டத்தில் பெயிண்ட் சீக்கிரமே காய்ந்துவிட்டது. இரண்டாவதில் சலூன்காரர் புள்ளிமேல் கால் வைத்து அழித்துவிட்டார். மூன்றாவதில் ஒரு பாட்டி வாசலில் இருந்து, "எறும்பு மருந்தாப்பா? எங்க வாசல்ல ரெண்டு பிடி கூடப் போடு" என்று கேட்க, மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று அவன் அங்கேயும் போட்டுத் தொலைத்தான். கணக்கு குழம்பிவிட்டது. நாலாவது ஓட்டம்தான் சுத்தமாக அமைந்தது.

இறங்கி நடந்து பார்த்தோம். ஒரு மரத்தூள் குவியல் ஒரு வெள்ளைப் புள்ளியின் மேலேயே விழுந்திருந்தது. அங்கிருந்து எண்ண ஆரம்பித்தோம். அடுத்த குவியல் மூன்றாவது புள்ளிக்குச் சற்று முன்னால். அதற்கடுத்தது ஐந்துக்கும் ஆறுக்கும் நட்டநடுவில். பிறகு எட்டைத் தாண்டிக் கொஞ்சம். அதற்குப் பிறகு புள்ளிகள் மங்கிப்போய், குனிந்து மூக்கு தரையில் படுமளவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நாலாவது குவியல் பதினோராவது புள்ளியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

"பதினோரு சுத்துக்கு நாலு சத்தம்," என்றேன்.

"அப்ப ரெண்டே முக்கால் சுத்துக்கு ஒண்ணு." அவன் விரலை மடக்கி மடக்கி நீட்டினான். "சக்கரம் ரெண்டே முக்கால் தடவ சுத்தறதுக்குள்ள ஒரே ஒரு தடவ சுத்துற சாமான் வண்டில என்ன அண்ணி இருக்கு?"

கேட்ட வாய் மூடவில்லை. வண்டியை நோக்கி ஓடினான். அவன் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. பின்பக்கப் பல்சக்கரத்தில் பல்லை எண்ணினான். நாற்பது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் செயினில் நாற்பது கண்ணி நகரும், அதை ரெண்டே முக்காலால் பெருக்கினால் நூற்றுப் பத்து. பிறகு செயினில் ஒரு கண்ணிமேல் பெயிண்ட் வைத்து, ஒவ்வொரு கண்ணியாக எண்ணினான். நானும் கூடவே எண்ணினேன். நடுவில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்ததில் எழுபத்து மூன்றில் விட்டுப்போய், திட்டிவிட்டு முதலில் இருந்து எண்ணினோம். சரியாக நூற்றுப் பத்து.

செயின்தான். முழுச் செயின்கூட இல்லை, அதில் ஏதோ ஒரே ஒரு கண்ணி.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் பின்பக்கமாக மெதுவாக உருட்டினான். ஒவ்வொரு கண்ணியாகப் பல்சக்கரத்தில் வளைந்து நெளிந்து இறங்கியது. ஒன்று மட்டும் வளையவில்லை. முட்டி மடங்காத கால் மாதிரி விறைத்துக்கொண்டு பல்லின் மேல் ஏறி, 'கடக்' என்று விழுந்தது. விரலால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. அந்தக் கண்ணியின் இரண்டு பக்கமும் சுத்தியல் அடி பளபளவென்று தெரிந்தது.

நான் கேட்காமலே முகம் செத்துவிட்டது அவனுக்கு.

"ரெண்டு மாசம் முன்னாடி செயின் தொங்குதுன்னு கொண்டாந்தீங்கள்ல," என்றான் தரையைப் பார்த்து. "ரெண்டு கண்ணிய எடுத்துட்டுச் சேர்த்து அடிச்சேன். யாரோ வண்டியோட அவசரப்படுத்தினாங்க. ஜாஸ்தியா ரெண்டு அடி விழுந்திருச்சு போல."

அதாவது, சத்தத்தைப் போட்டவனும் அவன், சத்தமே இல்லை என்று இரண்டு முறை கையெழுத்துப் போட்டவனும் அவன். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அவனைப் பெயர் சொல்லித் திட்ட வேண்டும் போலவும் இருந்தது. காது டாக்டர் சீட்டை நெற்றியில் ஒட்டிவிட வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் அவன் அந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும், புதுக் கண்ணி ஒன்றை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

கண்ணியை மாற்றக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டிப் பார்த்தேன். பத்தில் போனேன், பதினைந்தில் போனேன், நடையைவிட மெதுவாகப் போனேன். இன்ஜின் ஓசையைத் தவிர ஒன்றுமில்லை. கால்மிதி உதறவில்லை.

திரும்பி வந்தபோது அவன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். குறை இருந்தது என்று எழுதினால் என் ரவுண்டு எனக்கு நிலைக்கும், முன்னால் வந்த இரண்டு சான்றும் செல்லாது. ஆனால் அதற்குக் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. என் மேலதிகாரி அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிப்பார். மெக்கானிக்கின் தப்பு என்று தெரிந்தால் ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டுவிடுகிற மனிதர். ஷெட்டில் பாதி வேலை அந்தப் பதினாலு வண்டிதான் என்பது எனக்கும் தெரியும்.

"அண்ணி," என்றான் மெதுவாக. "துருன்னு எழுதிரவா? மழைல நின்னு கண்ணி துருப்பிடிச்சிருச்சுன்னு. யார் மேலயும் தப்பு வராது."

நான் யோசித்தேன். துரு என்று எழுதினாலும் குறை குறைதான். எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். அவனும் பிழைத்துக்கொள்வான். ஒன்றரை மாதம் என்னைக் கிறுக்கி ஆக்கியவன்தான், ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளை.

"துருன்னே எழுது," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனேன். கிரீஸ் லேசில் போகுமா? மரத்தூளும் சோப்புமாகத் தேய்த்துக் கழுவி வர நேரமாகிவிட்டது.

வந்தபோது தாள் வண்டி சீட்டின் மேல் இருந்தது. அவன் வேறொரு வண்டியைக் கழற்றுவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடுத்துப் படித்தேன்.

'குறை: இருபதுக்குக் கீழே போகும்போது சத்தமும் நடுக்கமும். ஓட்டுகிறவர் சொன்னது சரி. மூன்று தடவையும் சரி. காரணம்: செயின் கண்ணியை மெக்கானிக் அளவுக்கு மீறி அடித்துவிட்டான். கண்டுபிடித்தது ஓட்டுகிறவர். அடித்தது நான்.'

கீழே கையெழுத்து.

"உன்ன துருன்னுதானே எழுதச் சொன்னேன்?" என்று கத்தினேன்.

"துரு இல்லையே அண்ணி," என்றான் திரும்பாமலே.

"பதினாலு வண்டியும் கையவிட்டுப் போனா என்ன பண்ணுவ?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அதான் அண்ணி யோசிச்சேன். மத்த பதிமூணையும் நான் அறுபதுல மட்டும்தான் ஓட்டிப் பாத்திருக்கேன். அதுல எத்தன 'கடக்' இருக்கோ."

அழுதுவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அழுதால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

"கையெழுத்து கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். ரவுண்டில் இன்னும் ஐம்பத்தெட்டு வீடு பாக்கி இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.